உடைஞ்சு போச்சா, உடைச்சிட்டேனா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகப் பேச்சு சில இடங்களில் சுருக்கப்பட்டிருக்கிறது.)

 

இந்த வாரத்துக்கு நான் வேறு ஒரு தலைப்புதான் எடுத்து வைத்திருந்தேன். குறிப்பெல்லாம் எழுதி முடித்தாகிவிட்டது. பத்து நாளைக்கு முன்னாடி ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. அதைக் கேட்ட பிறகு அந்தக் குறிப்பை மூடி வைத்துவிட்டேன். அனுப்பியவரிடம் அனுமதி கேட்டுத்தான் சொல்கிறேன். ஆள் யாரென்று தெரியாதபடி ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவர் சொன்னது இதுதான்: "ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி என் தங்கச்சிக்கு ஒரு சம்பந்தம் வந்துச்சு. பொண்ணு பார்த்துட்டுப் போனாங்க. ரெண்டு பக்கமும் பிடிச்சிருந்துச்சு. எனக்கு அப்போ ஒரு பொறாமையா, எரிச்சலா, என்னன்னு சொல்லத் தெரியல. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட அவளைப் பத்தி ரெண்டு வார்த்தை தப்பாச் சொல்லிட்டேன். அவங்க வேண்டாம்னுட்டாங்க. என்னாலதான்னு இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. அப்புறம் அவளுக்கு வேற இடத்துல கல்யாணம் ஆச்சு, குழந்தை இருக்கு, நல்லா இருக்கா. நான் இப்போ போய்ச் சொல்லணுமா, இல்ல அப்படியே விட்டுடறதுதான் நல்லதா?"

கேட்டதும் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. இப்பவும் ஒரே வரியில் வராது. ஆனால் அந்த மெசேஜில் ஒன்று கவனிச்சீங்களா? "வாய் தவறிடுச்சு"ன்னு அவர் சொல்லல. "சொல்லிட்டேன்"னு சொன்னார். இது சின்ன விஷயமில்லை. அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

வீட்டில் ஒரு கண்ணாடி டம்ளர் கீழே விழுகிறது. சத்தம் கேட்டு அம்மா அடுப்படியிலிருந்து "என்னடா அது?" என்கிறார். பையன் என்ன சொல்வான்? "டம்ளர் உடைஞ்சு போச்சும்மா." உடைச்சிட்டேன்னு சொல்ல மாட்டான். டம்ளரே தானாக ஒரு முடிவெடுத்து உடைந்துபோன மாதிரி. நாலு வயசுக் குழந்தைக்குக்கூட இந்த வித்தியாசம் தெரியும். இலக்கணம் படித்து வந்ததில்லை, அடிக்குப் பயந்து வந்தது.

நம்ம தமிழில் இதற்கு வசதி ரொம்ப அதிகம். உடைந்தது – உடைத்தேன். கலைந்தது – கலைத்தேன். பிரிந்தது – பிரித்தேன். மறைந்தது – மறைத்தேன். ஓர் ஒற்றெழுத்து மாறினால் போதும், வாக்கியத்துக்குள்ளிருந்து ஆள் காணாமல் போய்விடுவார். அதுவும் போதாதென்றால் இன்னும் இருக்கிறது: கோபம் வந்துடுச்சு, மறந்து போச்சு, கை தவறிடுச்சு, லேட் ஆயிடுச்சு. எல்லாவற்றிலும் பெரியது, "தப்பு நடந்துடுச்சு". தப்பு எங்கேயோ தெருவில் நடந்து போய்க்கொண்டிருந்தது, நான் பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான்.

இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை. 1987-ல் ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்ற விவகாரத்தில் அமெரிக்க அதிபர் ரீகன் மாட்டிக்கொண்டபோது, ஜனவரியில் நாடாளுமன்றத்தின் முன்னால் தவறுகள் நடந்துவிட்டன என்ற மாதிரிதான் பேசினார். பொறுப்பு என்னுடையது என்று டிவியில் சொல்ல மார்ச் ஆகிவிட்டது. கேரல் டாவ்ரிஸ், எலியட் ஆரன்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2007-ல் எழுதிய புத்தகத்தின் தலைப்பே இந்த வகைப் பேச்சைக் கிண்டலடிப்பதுதான். தவறுகள் நடந்தன, ஆனால் செய்தது நான் இல்லை என்று அர்த்தம் வரும் தலைப்பு.

அந்த ஆரன்சனின் ஆசிரியர் லியோன் ஃபெஸ்டிங்கர். 1957-ல் அவர் ஒரு கருத்தை முன்வைத்தார். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத இரண்டு எண்ணங்களை ஒரே நேரத்தில் வைத்திருக்க மனசு சிரமப்படும். அந்தச் சிரமத்தைக் குறைக்க ஏதாவது ஒன்றை மாற்றிக்கொள்ளும். "நான் நல்லவன்" என்பது ஓர் எண்ணம். "நான் இந்த அநியாயத்தைச் செய்தேன்" என்பது இன்னொன்று. இதில் எதை மாற்றுவோம்னு நினைக்கிறீங்க? முதலாவதில் நாம் கை வைப்பதே இல்லை. இரண்டாவதைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துவிடுவோம். அது அவ்வளவு பெரிய அநியாயம் இல்லை, அவரும் சரியில்லை, சூழ்நிலை அப்படி... சில வருஷத்தில் பார்த்தால், செய்ததே ஞாபகத்தில் வேறு மாதிரி இருக்கும். இதற்குப் பெயர் பொய் சொல்வது இல்லை. மற்றவருக்குச் சொல்வதற்கு முன்னாடியே நமக்கு நாமே சொல்லி, நம்பியும் விட்டோம்.

புத்தகத்தில் படித்ததை வைத்து மட்டும் இதைச் சொல்லவில்லை. என் கதை ஒன்று இருக்கு. இதுவரை இந்த நிகழ்ச்சியில் நான் சொன்னதில்லை.

நான் கொஞ்ச காலம் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக வேலை பார்த்தேன். தெரியாதவர்களுக்கு: வெளிநாட்டு பையர் கேட்பதை இங்கே ஃபேக்டரியில் இருப்பவர்களுக்குச் சரியாகச் சொல்லி, சரக்கு கிளம்பும் வரைக்கும் பின்னாடியே நிற்கிற வேலை. ஓர் ஆர்டர் வந்தால் அதில் சைஸ் ரேஷியோ என்று ஒன்று இருக்கும். ஆறு பீஸ் வெட்டினால் ஸ்மால் ஒன்று, மீடியம் ரெண்டு, லார்ஜ் ரெண்டு, எக்ஸ்எல் ஒன்று என்கிற மாதிரி. நாங்கள் ஷீட்டில் எழுதிக் கொடுப்போம். அதைப் பார்த்துத்தான் கட்டிங் மாஸ்டர் துணியை அடுக்கி வெட்டுவார்.

அந்த ஆர்டரில் பையர் ரேஷியோவை மாற்றி ஒரு மெயில் அனுப்பியிருந்தார். எக்ஸ்எல் கூட வேணும், மீடியம் குறைவாப் போதும் என்று. நான் அந்த மெயிலைத் திறக்கவே இல்லை. பழைய ஷீட்டைத்தான் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. மாஸ்டர் வெட்டுவதற்கு முன்னால் கேட்டார்: "தம்பி, இதுதானுங்களே கடைசி ஷீட்டு? இதையே வெச்சு வெட்டிரட்டுமா?" நான் போனைப் பார்த்துக்கொண்டே "ஆமா மாஸ்டர், இதுதான்"னேன்.

வெட்டியாச்சு. பெரிய சைஸைக் குறைத்துச் சின்னது பண்ணலாம். மீடியத்தை எக்ஸ்எல் ஆக்க முடியுமா? திரும்ப நூல் வாங்கி, நிட்டிங் போட்டு, சாயம் ஏற்றி, எல்லாம் மறுபடி. கப்பலில் போக வேண்டிய சரக்கில் ஒரு பகுதி பிளேனில் போனது. அந்தச் செலவு எவ்வளவு ஆகும்னு அந்தத் தொழிலில் இருக்கிறவங்களுக்குத் தெரியும்.

முதலாளி எல்லாரையும் கூப்பிட்டார். என்னிடம், "ஷீட்டு குடுத்தியா இல்லையா?" என்றார். நான் சொன்ன பதில் இன்றைக்கும் என் காதில் கேட்கிறது. "ஷீட் குடுத்தாச்சு சார்."

பாருங்க அந்த வாக்கியத்தை. அதில் பொய்யே இல்லை. ஷீட் குடுத்தது நிஜம். எந்த ஷீட், யார் குடுத்தது, மாஸ்டர் கேட்டப்போ என்ன பதில் சொன்னது, எதுவுமே அதில் இல்லை. "குடுத்தாச்சு." முதலாளி மாஸ்டர் பக்கம் திரும்பினார். மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் மேஜையைப் பார்த்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அந்த மாசம் அவர் சம்பளத்தில் பிடித்தார்கள். அடுத்த மாசம் அவரே நின்றுவிட்டார். அந்தக் காலத்தில் வேறு கம்பெனியில் சேரப் போனால் பழைய கம்பெனிக்கு ஒரு போன் போட்டு விசாரிப்பார்கள். என்ன சொல்லியிருப்பார்கள்?

நான் அதற்கு வைத்துக்கொண்ட பெயர் "கம்யூனிகேஷன் கேப்". ரொம்ப நாளைக்கு அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஏன் அப்படி? அங்கே உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். டம்ளர் பையனுக்குத் தெரிந்த மாதிரியேதான். "உடைச்சிட்டேம்மா" என்று சொன்ன முதல் நாள் முதுகில் ஓர் அடி விழுந்திருக்கும். மறுநாளிலிருந்து "உடைஞ்சு போச்சு". அதனால தப்பை ஒத்துக்கொள்வது தனி ஆளின் குணம் மட்டும்னு நான் நினைக்கல. பாதி, எதிரில் உட்கார்ந்திருப்பவர் கையில் இருக்கிறது.

விமானத் துறையில் இதை உயிரைக் கொடுத்துக் கற்றுக்கொண்டார்கள். 1974 டிசம்பர் 1-ஆம் தேதி, அமெரிக்காவில் டிடபிள்யூஏ 514 என்ற விமானம் வாஷிங்டன் பக்கத்தில் இருக்கும் டல்லஸ் விமான நிலையத்தில் இறங்க வந்துகொண்டிருந்தது. தரைக் கட்டுப்பாட்டிலிருந்து வந்த அனுமதியை விமானிகள் ஒரு மாதிரிப் புரிந்துகொண்டு, இறங்கக் கூடாத உயரத்துக்கு இறங்கி, மலையில் மோதினார்கள். இருந்த 92 பேரும் இறந்துபோனார்கள். விசாரணையில் ஒரு விஷயம் தெரிந்தது. அதற்கு ஆறு வாரத்துக்கு முன்னாடி இன்னொரு கம்பெனி விமானிகள், அதே இடத்தில், அதே மாதிரி தப்பாகப் புரிந்துகொண்டு, மயிரிழையில் தப்பியிருக்கிறார்கள். அந்தக் கம்பெனிக்குள் அதைச் சொல்லியும் இருக்கிறார்கள். ஆனால் அந்தச் செய்தி அந்தக் கம்பெனிக் கதவைத் தாண்டவில்லை.

அதற்குப் பிறகு 1976-ல் ஒரு ஏற்பாடு கொண்டு வந்தார்கள். விமானியோ தரைக் கட்டுப்பாட்டாளரோ, தான் செய்த தப்பைத் தானே எழுதி அனுப்பலாம். அதைப் பெற்றுக்கொள்வது விமானத் துறை நிர்வாகம் இல்லை, நாசா. ஏன் நாசா? அவர்களுக்கு யாரையும் தண்டிக்கிற அதிகாரம் இல்லை. பெயரை எடுத்துவிட்டு, விஷயத்தை மட்டும் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைப்பார்கள். வேண்டுமென்று செய்ததாக இல்லாமல், குற்றச்செயலாகவும் விபத்தாகவும் ஆகாமல், 10 நாளுக்குள் எழுதி அனுப்பியிருந்தால், பின்னாடி விதிமீறல் என்று வந்தாலும் பொதுவாகத் தண்டனை கிடையாது. இன்றைக்கும் நடக்கிறது அது.

திருக்குறளில் குற்றங்கடிதல்னு ஓர் அதிகாரம் இருக்கு, 44-ஆவது. அது அறத்துப்பாலில் இருக்கும்னு ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, பொருட்பாலில், அரசனுக்குச் சொல்கிற பகுதியில் இருக்கு. அதிகாரத்தில் இருக்கிறவர் முதலில் தன் குற்றத்தைப் பார்க்கணும்னுதான் அங்கே வைத்திருக்கிறார் போல. இது என் ஊகம்தான், உரையாசிரியர்கள் மன்னிக்கணும்.

சரி, எதிரில் இருப்பவர் அடிக்க மாட்டார் என்று தெரிந்தால் மட்டும் சொல்வது சுலபமாகிவிடுமா? அதுவும் இல்லை. காந்தி கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். "சத்திய சோதனை"யில் வருகிறது. ஆனால் அதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அப்பா அழுததோடு முடித்துவிடுவார்கள். எனக்கு அந்தக் கடிதத்தின் மேல்தான் கண்.

அவருக்கு 15 வயசு. அண்ணனுக்கு 25 ரூபாய் போலக் கடன். அண்ணன் கையில் தங்கக் காப்பு ஒன்று இருந்தது. அதிலிருந்து கொஞ்சம் தங்கத்தை வெட்டி எடுத்துக் கடனை அடைத்தாகிவிட்டது. யாரும் கண்டுபிடிக்கவில்லை. விஷயம் அங்கேயே முடிந்திருக்கலாம். அவரால் தாங்க முடியவில்லை. அப்பா அடிப்பார் என்ற பயம் இல்லை, அவர் பிள்ளைகளை அடித்ததே கிடையாது. அப்பாவுக்கு வலிக்கும் என்ற பயம். வாயால் சொல்லத் தைரியம் வராமல், ஒரு தாளில் எழுதி, நடுங்கிக்கொண்டே கையில் கொடுத்தார். உடம்பு சரியில்லாமல் வெறும் பலகையில் படுத்திருந்த அப்பா எழுந்து உட்கார்ந்து படித்தார். கண்ணீர் தாளில் விழுந்தது. கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார். பிறகு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தத் தாளில் என்னென்ன எழுதியிருந்தார் பாருங்க. செய்த தப்பு. தகுந்த தண்டனை கொடுங்கள் என்ற வேண்டுகோள். என் தப்புக்காக நீங்கள் உங்களை வருத்திக்கொள்ளாதீர்கள் என்று ஒன்று. இனிமேல் திருட மாட்டேன் என்ற உறுதி. கடன் அண்ணனுடையது, காப்பு அண்ணனுடையது. "அண்ணனுக்காகத்தான் செய்தேன்" என்று ஆரம்பிக்க அவருக்கு எல்லா வசதியும் இருந்தது. நானாக இருந்தால் முதல் வரியே அதுதான்.

இதே புத்தகத்தில் அடுத்தாற்போல் இன்னொரு ஒப்புதலும் இருக்கிறது. 1885-ல் அப்பா இறந்த இரவு. கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த காந்தியைச் சித்தப்பா போய்ப் படு என்று அனுப்புகிறார். மனைவி இருந்த அறைக்குப் போகிறார். சில நிமிஷத்தில் வேலைக்காரர் கதவைத் தட்டுகிறார். அப்பா போய்விட்டார். கடைசி நிமிஷத்தில் பக்கத்தில் இல்லாமல் போன அந்த வெட்கம் அவரை விடவே இல்லை. சுயசரிதையைத் தொடராக எழுத ஆரம்பித்தது 1925-ல். நாற்பது வருஷம் கழித்தும் அதை அழியாத கறையாகத்தான் எழுதுகிறார். திருட்டைப் பற்றி எழுதுகிற தொனியே வேற, இதை எழுதுகிற தொனியே வேற. ஒன்றைக் கேட்க அப்பா இருந்தார். இன்னொன்றைச் சொல்ல ஆள் இல்லை.

இதைப் படித்த பிறகுதான் மாஸ்டரைத் தேட ஆரம்பித்தேன். பெரிய ஞானம் எல்லாம் இல்லை, அவருக்கு வயசாகிறது என்ற பயம்தான். அந்தச் சம்பவம் நடந்து பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. பழைய ஆள் ஒருவர் மூலமாக நம்பர் கிடைத்தது. சொந்தமாக ஒரு சின்ன ஜாப்வொர்க் யூனிட் வைத்திருந்தார்.

போன் போட்டேன். "மாஸ்டர், ஞாபகம் இருக்குங்களா"ன்னு ஆரம்பித்து, "அப்ப ஒரு குழப்பம் நடந்துச்சுல்லைங்க, அந்த ரேஷியோ விஷயத்துல..." என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "குழப்பமெல்லாம் ஒண்ணும் நடக்கல தம்பி."

பன்னிரண்டு வருஷம் யோசித்து, ஒத்திகை பார்த்து, நான் கடைசியில் கொண்டுபோனது "நடந்துச்சு"வைத்தான். வெட்கமாகப் போய்விட்டது. மறுபடி சொன்னேன். "மாஸ்டர், புது ஷீட் மெயில்ல வந்திருந்துச்சு. நான் பார்க்கலை. நீங்க கேட்டீங்க, நான் பார்க்காமலே ஆமான்னேன். முதலாளி கேட்டப்போ உங்க மேல போகட்டும்னு வாயை மூடிக்கிட்டேன்."

அவர் சொன்னது: "எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க. நீங்களாச் சொல்லுவீங்கன்னு ரெண்டு மூணு நாள் பார்த்தேன்." அப்புறம், "அந்த ஜூன்ல புள்ளைக்கு ஃபீஸ் கட்டோணும்" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை.

பிடித்த சம்பளத்தை நான் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். "என்ரகிட்ட சொல்லி என்ன பண்றது? எனக்குத் தெரிஞ்சதுதான். அவருகிட்டப் போய்ச் சொல்லுங்க."

அந்த ஒரு வாக்கியத்தில் எனக்கு வெளிச்சம் வந்தது. நான் என் பாரத்தை இறக்கி வைக்கத்தான் போன் போட்டேன். அவருக்கு வேண்டியது என் கண்ணீர் இல்லை, அவர் பெயர். அவரைக் கவனக்குறைவான ஆள் என்று நம்பிக்கொண்டிருக்கிற ஒரு மனுஷன் அந்த ஊரில் இன்னும் இருந்தார்.

2016-ல் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ராய் லெவிக்கியும் அவரோடு இரண்டு பேரும் மன்னிப்பைப் பற்றி ஆய்வு ஒன்று வெளியிட்டார்கள். 755 பேரிடம் கற்பனையான ஓர் அலுவலகத் தப்பைச் சொல்லி, மன்னிப்பில் இருக்கிற ஆறு பகுதிகளில் எது எவ்வளவு எடுபடுகிறது என்று பார்த்தார்கள். முதலிடம், "தப்பு என்னுடையது" என்று பொறுப்பேற்பது. இரண்டாவது, கெட்டுப்போனதைச் சரிசெய்து தருகிறேன் என்பது. கடைசி இடம் எது தெரியுமா? "என்னை மன்னிச்சிடுங்க" என்று கேட்பது. காகிதத்தில் படித்துப் பார்த்துச் சொல்கிற ஆய்வுதான், நேருக்கு நேர் நடப்பது வேறு. ஆனால் என் மாஸ்டர் இதை எந்த ஆய்வும் படிக்காமல் சொல்லிவிட்டார். மன்னிப்புக் கேட்பது எதிராளியிடமே இன்னொரு வேலையைக் கொடுப்பது. ஏற்கெனவே நம்மால் நஷ்டப்பட்டவர், இப்போ நம்மை ஆறுதல்படுத்தவும் வேண்டும்.

முதலாளியைப் பார்க்கப் போனேன். அவர் தொழிலை மகனிடம் கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்தார். முழுக்கச் சொன்னேன். "விடுப்பா, பழைய கதை"ன்னார். "இல்லைங்க, நீங்க அவருக்கு ஒரு போன் பண்ணணும்"னேன். பார்க்கலாம் என்றார். காபி கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்தேன். ரெண்டு நாள் கழித்து மாஸ்டரிடமிருந்து வாட்ஸாப்பில் ஒரே வார்த்தை வந்தது. "பேசினாரு."

அவ்வளவுதான். மன்னிச்சிட்டேன்னு அவர் இதுவரை சொன்னதில்லை, நானும் கேட்கவில்லை.

இதனால் எனக்கு என்ன மாறியது என்று கேட்டால், ஒன்று சொல்லலாம். "கம்யூனிகேஷன் கேப்" என்று பெயர் வைத்திருந்தவரைக்கும் என்னிடம் திருத்த எதுவுமே இல்லை. கேப்பை யார் திருத்துவது? அதே தப்பை நடுவில் இரண்டு தடவை வேறு வேலைகளில் செய்திருக்கிறேன், இப்போதுதான் தெரிகிறது. "பார்க்காமலே ஆமான்னேன்" என்று வாயால் சொன்ன பிறகுதான், தெரியாது என்று சொல்ல எனக்கு இருந்த கூச்சம் என் கண்ணுக்குத் தெரிந்தது. இப்போ யாராவது "இதுதான் கடைசியா?" என்று கேட்டால், "பார்த்துட்டுச் சொல்றேன்" என்கிறேன். கேட்பவருக்கு எரிச்சலாகத்தான் இருக்கும்.

இனி அந்தச் சகோதரியின் கேள்வி. அவர் விஷயம் என்னுடையதைவிடச் சிக்கல். மாஸ்டருக்கு உண்மை முன்பே தெரியும். அவர் தங்கைக்குத் தெரியாது. சொன்னால் இல்லாத காயத்தைப் புதிதாக உண்டாக்குவோமோ?

இந்தக் கேள்வியை ரொம்ப நாளாக, ரொம்ப நடைமுறையாகக் கையாண்டவர்கள் குடியிலிருந்து மீள்கிறவர்கள். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935-ல் அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊரில் தொடங்கியது. நம்ம தமிழ்நாட்டிலும் கூட்டங்கள் நடக்கின்றன. 1939-ல் அவர்கள் அச்சில் போட்ட 12 படிகளில் நான்காவது, தன்னைப் பற்றி ஒளிக்காமல் ஒரு கணக்கெடுப்பு. ஐந்தாவது, செய்த தப்பு இன்னது என்று கடவுளிடமும் தன்னிடமும் இன்னொரு மனுஷரிடமும் சொல்வது. எட்டாவது, யாருக்கெல்லாம் கெடுதல் செய்தோம் என்று பட்டியல். ஒன்பதாவதில்தான் நேரில் போய்ச் சரிசெய்வது வருகிறது. அதிலும் ஒரு விலக்கு: போய்ச் சொல்வதால் அவருக்கோ மற்றவருக்கோ கெடுதல் வரும் என்றால், சொல்லாதே.

ஐந்தாவதுக்கும் ஒன்பதாவதுக்கும் நடுவில் இத்தனை இடைவெளி இருப்பதை நான் முன்னாடி கவனித்ததில்லை. முதலில் பாதிக்கப்படாத யாரோ ஒருவரிடம் சொல்லிவிடுகிறோம். நம்ம நடுக்கம், அழுகை எல்லாம் அங்கே போய்விடும். அப்புறம் பாதிக்கப்பட்டவரிடம் போகும்போது அவருக்கு வேண்டியதை மட்டும் கொண்டுபோகலாம். நான் இந்த வரிசையில் செய்யவில்லை.

ஆனால் அந்த விலக்கு இருக்கிறதே, அதை நமக்குச் சாதகமாக வளைப்பது ரொம்ப ஈசி. "அவ மனசு நோகும், அதனால சொல்லலை." நிஜமாகவே அவளுக்காகவா, இல்லை நமக்காகவா? வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. என் மாஸ்டர் கதையிலிருந்து எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு கேள்விதான். அதை அவருக்கு அனுப்பினேன். "அந்தச் சம்பந்தம் ஏன் நின்னுச்சுன்னு உங்க தங்கச்சி நினைச்சுக்கிட்டு இருக்காங்க?"

ஜாதகம் சரியில்லை, அவங்க வேற பெரிய இடம் பார்த்துட்டாங்க என்கிற மாதிரி ஏதாவது நினைத்து, மறந்தே போயிருந்தால் அது வேற. அப்படியென்றால் நான், அவரிடம் சொல்ல வேண்டாம், நம்பிக்கையான வேறு ஒருவரிடம் சொல்லுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

நாலு நாள் கழித்துப் பதில் வந்தது. வாய்ஸ் மெசேஜ் இல்லை, டைப் பண்ணியிருந்தார். "தான் கறுப்பா இருக்கறதாலதான்னு நினைச்சுக்கிட்டு இருக்கா. போன மாசம் அவ பொண்ணுக்கு க்ரீம் வாங்கிட்டு இருந்தா. பொண்ணுக்கு அஞ்சு வயசு."

"அப்போ சொல்லணும்"னு எழுதினேன். எப்படிச் சொல்றதுன்னு கேட்டார். பொறாமைங்கற வார்த்தையை விட்டுடாதீங்க, "நின்னு போச்சு"ன்னு சொல்லாதீங்க, அவங்க எழுந்து போனா போக விடுங்க, கொஞ்ச நாள் பேசாம இருந்தா அதையும் பொறுத்துக்கோங்க என்றேன். வேறு எதுவும் எனக்குத் தோணல.

இந்த எபிசோட் பதிவு பண்ணுகிற வரைக்கும் அவரிடமிருந்து வேறு செய்தி இல்லை. நானும் கேட்கவில்லை. அடுத்த வாரம், மூடி வைத்த அந்தக் குறிப்போடு வருகிறேன்.